மிச்சத் துணிக்கு ஒரு மியூசியம்

பழைய குவில்ட்களைப் பார்த்துப் புதிய குவில்ட்கள் தைக்கும் காலம் இது. அப்படி ஒரு கண்காட்சி தாம்பரம் பக்கம் வந்தால் எப்படி இருக்கும்?

போர்வையைப் பார்க்க யாராவது டிக்கெட் எடுப்பார்களா? லண்டனில் எடுத்தார்கள். 2010ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை அங்குள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் 65க்கும் மேற்பட்ட குவில்ட்கள் காட்சிக்கு இருந்தன. முந்நூறு வருஷத்துக்கு முன் தைத்தவையும் இருந்தன. டிரேசி எமின், கிரேசன் பெர்ரி போன்ற இன்றைய கலைஞர்களின் வேலைகளும் கூடவே இருந்தன.

குவில்ட் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சோ நைந்த சேலையோ. மூன்றையும் சேர்த்து ஊசியை ஓட்டினால் குவில்ட். மேல் துணியைத் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுச் செய்தால் பேட்ச் ஒர்க். குளிர் நாட்டில் அது தேவை. நமக்கு வைகாசி வெயிலில் மின்விசிறியே போதவில்லை. அப்படியிருக்க, ஒரு தமிழ் வார இதழ் அட்டைப்படக் கட்டுரையாக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள், தாம்பரத்துக்கு வந்து சேர்வோம்.

அந்த லண்டன் கண்காட்சியில் இருந்த இரண்டு குவில்ட்களைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1841இல் 'ராஜா' என்ற கப்பல் பிரிட்டனிலிருந்து சுமார் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு இன்றைய டாஸ்மேனியாவுக்குக் கிளம்பியது. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய எலிசபெத் ஃப்ரை தொடங்கிய பெண்கள் குழு, அந்தக் கைதிகளுக்கு ஊசி, நூல், ஒட்டுப்போடத் துண்டுத் துணி எல்லாம் கொடுத்தனுப்பியது. மாதக்கணக்கான கடல் பயணத்தில் அவர்கள் கூடித் தைத்த குவில்ட் இப்போது கான்பெர்ராவில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தைத்தவர்கள் யார் யார் என்று அதில் பெயர் இல்லை. கொடுத்தனுப்பிய சீமாட்டிகளுக்கு நன்றி மட்டும் நூலில் எழுதியிருக்கிறது.

இரண்டாவது குவில்ட், கண்காட்சிக்காகவே புதிதாகத் தைக்கச் சொன்னது. தைத்தவர்கள் லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையின் ஆண் கைதிகள். கைதிகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் ஃபைன் செல் ஒர்க் என்ற அமைப்பு ஏற்பாடு செய்தது. அவர்கள் தங்கள் சிறை வாழ்க்கையையே கட்டம் கட்டமாகத் தைத்துக் கொடுத்தார்கள். ராஜா கப்பல் குவில்ட்டின் பூக்களை அவர்கள் காப்பியடிக்கவில்லை. ஆனால் அடைபட்ட இடத்தில் நேரத்தைக் கழிக்க ஊசி பிடித்த கைகள் என்ற வகையில், அந்தப் பெண்களுக்கு இவர்களே நேர் வாரிசு.

பழசைப் பார்த்துப் புதுசு செய்கிறேன் என்கிறவர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இங்கேதான் கிடைத்தது. பழைய குவில்ட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள்? கட்டங்களையும் நட்சத்திரங்களையும் எடுத்துக்கொள்வது சுலபம். அதற்குப் புத்தகம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. அந்தத் துணி அந்தக் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் குவில்ட்டின் பாதிக் கதை. பொழுதுபோக்குக் குவில்ட்காரர்கள் பலர் மீட்டர் கணக்கில் புதுப் பருத்தித் துணி வாங்கி, அதைச் சதுரமாக வெட்டி, மறுபடி ஒட்டுகிறார்கள். நம் வீட்டுக் கிழவி யாராவது பார்த்தால், நல்ல துணியை ஏண்டி பாழாக்குகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். திறமையைக் குறை சொல்லவில்லை. 2019 ஜனவரியில் சென்னையிலேயே இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. இந்தக் கலை இங்கே வேர்பிடிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு உறுத்துவது துணி மட்டும்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு கிராமம் இருக்கிறது. ஜீஸ் பெண்ட் என்பார்கள். அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம்தான் ஊர். பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. அது அவர்களுடைய முன்னோரை விலைக்கு வாங்கிய முதலாளியின் பெயர். பருத்திக் காட்டில் உழைத்தவர்கள், மரப்பலகை வீட்டுக்குள் வரும் குளிருக்குக் கிழிந்த உடுப்புகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்தார். அவர் காட்டு வேலைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளைப் பிரித்து, மகளையும் கூட வைத்துக்கொண்டு, மிசூரி ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்து அதற்குள் போர்த்திப் படுத்துக்கொள்ளத்தான். வெளுத்த நீலம், சாம்பல், பழுப்பு. வேறு அலங்காரம் எதுவும் இல்லை. இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கதையில் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முப்பது வருஷம் கழித்து வருகிறது. கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் சூடாக இருந்த 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகவே வேலையும் குடியிருப்பும் இழந்தவர்கள் இருந்த வட்டாரம் அது. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனி அவர்களுக்குத் தலையணை உறை தைக்கும் ஆர்டர் கொடுத்தது. துணி, கோடு கோடாக வரிப்பள்ளம் விழுந்த கார்டுராய். நம்மூரில் எண்பதுகளில் பேன்ட் தைத்துப் போட்டார்களே, அதே துணி. உறை வெட்டியதுபோக விழுந்த துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சள், ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு, இலைப்பச்சை என்று அதுவரை அந்தக் கிராமத்துப் போர்வைகள் பார்த்திராத நிறங்கள். கம்பெனி ஒரே மாதிரி உறைகளை ஆயிரக்கணக்கில் கேட்டது. அந்தக் கம்பெனியின் கழிவிலிருந்து அவர்கள் தைத்த குவில்ட் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க் விட்னி மியூசியத்திலும் இவை தொங்கியபோது, நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2006இல் தபால்தலையும் வந்தது. அந்தக் கண்காட்சியில் தன் ஊர்க்காரர்களின், தன் சொந்தக்காரர்களின் குவில்ட்களைப் பார்த்துவிட்டு மீண்டும் ஊசி எடுத்தவர்களில் ஒருவர் லொரெட்டா பெட்வே பென்னட். பழைய குவில்ட்டிலிருந்து புதிய குவில்ட் பிறப்பது என்றால் அதைச் சொல்லலாம். 2007இல் இன்னொன்றும் நடந்தது. தங்கள் டிசைன்கள் மெத்தை விரிப்பிலும் விரிப்புப் பாயிலும் அச்சாகி விற்பனையாக, பணம் எங்கே என்று கேட்டு, தைத்த பெண்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் அது சமரசத்தில் முடிந்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தாம்பரம். சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டி மெப்ஸ் இருக்கிறது. 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். 2003 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிவிட்டாலும் ஆயத்த ஆடைக் கம்பெனிகளும் அங்கே உண்டு. காலை ஷிஃப்டுக்கு கம்பெனி வேனிலும் மின்சார ரயிலிலும் வந்து இறங்கும் பெண்களைப் பார்க்காத தாம்பரத்துக்காரர் இருக்க முடியாது. கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. காலர் தைப்பவர் காலர் மட்டும், கஃப் தைப்பவர் கஃப் மட்டும். முழுச் சட்டையை அந்த லைனில் யாருமே தைப்பதில்லை. கட்டிங் மேஜையில் அடுக்கி வெட்டும்போது ஓரங்களில் விழும் துண்டுகள் கிலோக் கணக்கில் எடைக்குப் போகின்றன. மெக்கானிக் கடையில் கிரீஸ் துடைக்கும் வேஸ்ட் துணியாக, கால்மிதியாக, தலையணைக்குள் திணிக்கும் அடைசலாக அது முடிகிறது.

அலபாமாவின் கார்டுராய் கதையில் இருந்த எல்லாமே இங்கே இருக்கிறது: வெளிநாட்டு ஆர்டர், மிச்சத் துண்டு, தைக்கத் தெரிந்த பெண்கள். இல்லாதது ஒன்று உண்டு. அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனக்குத் தோன்றியபடி தைத்துப் பார்க்க ஒரு மத்தியானம் ஓய்வு. அதை எந்த மியூசியமும் தர முடியாது என்பது எனக்கும் தெரியும்.

கம்பெனிக்குப் போகாத தையல்காரர்களும் ஏராளம். சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, அனகாபுத்தூர் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கேட்டில், ஃபால்ஸ் அடித்து ஓரம் அடித்துத் தரப்படும் என்று ஒரு போர்டு தொங்கும். உள்ளே போனால் டெய்லர் அக்காவின் மிஷினுக்கு அடியில் ஒரு சாக்கு. பிளவுஸ் பிட்டின் மிச்சம், லைனிங் துண்டு, பட்டு பார்டரின் வால். குவில்ட் தைக்கும் வெளிநாட்டு அம்மணிகள் அந்தச் சாக்கைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

நமக்கென்று குவில்ட் பாரம்பரியம் இல்லையா என்றால், போர்வையாக இல்லை என்பதுதான் நேர்மையான பதில். வெயில் காரணம். கோரைப்பாய் விரித்துப் படுக்கிற ஊருக்கு மூன்றடுக்குப் போர்வை எதற்கு? பழைய சேலைக்கு நம் வீடுகளில் வேறு வேலைகள் இருந்தன. குழந்தைக்குத் தூளி, பிறகு கரித்துணி, பிறகு கிழித்துப் பின்னிய கால்மிதி. மிஞ்சினால் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வருவார். ஒட்டுத்துணி வேலையின் உச்சத்தைப் பார்க்கவேண்டுமென்றால் கோயில் தேருக்குப் போகவேண்டும். தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்தில் தைக்கும் தேர்ச்சீலைகள், உருளையாகத் தொங்கும் தொம்பைகள்: சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளைத் துணியை யாளியாகவும் அன்னமாகவும் வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பது. குளிருக்காகத் தைப்பது அல்ல, சாமிக்காகத் தைப்பது. வருஷத்தில் சில நாள் தேரில் ஆடிவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நம் மக்கள் இதைக் கைவினைக் கடையில் பார்த்தால் கலை என்கிறார்கள். தேரில் தொங்கும்போது நிமிர்ந்து பார்ப்பதே இல்லை, வடத்தில்தான் கவனம்.

இந்தியாவின் வேறு பகுதிகளில் குவில்ட் செழித்தது. வங்காளத்தின் காந்தா, பிகாரின் சுஜனி, மராத்தியரின் கோதடி. 2009-10இல் ஃபிலடெல்பியா கலை மியூசியம், கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்த காந்தாக்களையும் இன்னொரு தம்பதியின் சேகரிப்பையும் வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தியது. என்னை அதிகம் இழுப்பது நமக்குப் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பகுதிகளில் சித்திகள் வாழ்கிறார்கள். போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் சந்ததி. அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. மூன்று வீடுகளிலும் கவந்தி என்ற குவில்ட் உண்டு. ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் குவில்ட்டை அம்மணம் என்பார்களாம். நடுவே கடைசித் துண்டை மூடும் முன் சில அரிசி மணிகளை உள்ளே போடுகிற பழக்கமும் இருக்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இவற்றைப் பற்றி எழுதி, வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோன பிறகு, சித்திப் பெண்கள் விற்பனைக்கும் தைக்கத் தொடங்கினார்கள். கவந்தியைக் கற்றுக்கொண்டு இன்று பெங்களூரிலும் வெளிநாட்டிலும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓரத்திலிருந்து உள்ளே வரும் அந்த முறையை அவர்கள் கற்றுக்கொண்டுவிட முடியும். அதில் தப்பில்லை. பேத்திக்காக வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் பழந்துணியையும் சேர்க்கும் அந்த வேலையைக் கடையில் வாங்கிய துணியில் செய்வது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இவற்றையெல்லாம் நம் பக்கம் தொங்கவிட இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தட்சிணசித்ரா மியூசியம். தாம்பரத்திலிருந்து அங்கே போக எனக்குப் பிடித்த வழி வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே திரும்பி, கழிமுகப் பாலத்தைத் தாண்டினால் முட்டுக்காடு. 1996இல் திறந்த இந்த மியூசியத்தை டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. லாரி பேக்கரின் கைவண்ணம் தெரியும் வளாகம். நான்கு தென்மாநிலங்களிலிருந்தும் பழைய வீடுகளைக் கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு. பிரித்து, எண் போட்டு, சேர்த்து, புது இடத்தில் நிறுத்துவது. யோசித்தால் அந்த வளாகமே ஒட்டுத்துணி வேலைதான்.

நெசவாளர் வீட்டுத் தறியின் முன் நிற்கும்போது நான் நினைத்துக்கொள்வது கடல் பக்கம். அந்தச் சாலை நெடுகத் துணி வரலாறுதான். தெற்கே கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய பெல்ஜியத்து ஆஸ்டெண்ட் வியாபாரிகள் கடை போட்டிருந்தார்கள். இன்னும் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. வடக்கே 1639இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, இங்கே துணி மலிவு என்பதும் ஒரு காரணம். அவர்கள் அள்ளிக்கொண்டு போனவற்றில் தலையாயது கையால் சாயம் தீட்டிய சீட்டித் துணி.

அதன் வேலைப்பாட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். பருத்தித் துணியைச் சாணத்தில் ஊறவைத்து வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பால் எதற்கென்றால், தீட்டும் வண்ணம் பரவாமல் நிற்க. கரும்பு வெல்லத்தில் துருப்பிடித்த இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்த நீர், கறுப்புக் கோட்டுக்கு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவார்கள். அப்போது அங்கே நிறமே தெரியாது. பிறகு முழுத் துணியையும் சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போட்டால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இந்த வித்தையைத் தெரிந்துகொள்ள ஐரோப்பா தலைகீழாக நின்றது. 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துப் பாரிசுக்கு அனுப்பினார். 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்து, தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டறிந்து நீண்ட கடிதம் எழுதினார். தொழிற்சாலை ஒற்றுவேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய பேட்ச் ஒர்க் குவில்ட் எது என்று கேட்டால், கம்பிரியா பகுதியில் லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருப்பதைக் காட்டுவார்கள். 1708 வாக்கில் தைத்தது என்பது அங்கே வழிவழியாக வரும் செய்தி. அந்தத் துண்டுகள் எல்லாம் இந்தியச் சீட்டி. நம் துணி அவர்களுடைய கம்பளித் தொழிலையும் பட்டுத் தொழிலையும் கவிழ்த்துவிடும் என்று பயந்து 1721இல் சீட்டியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் அந்த நாட்டில் தடைச்சட்டமே போட்டார்கள். 1774இல்தான் அது விலகியது. நாடக நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டிக் கட்டில் திரையைச் சுங்க அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அதுவும் இப்போது அதே விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில்தான் இருக்கிறது. கடத்தல் துணியும் கடைசியில் மியூசியம் போய்ச் சேர்ந்தது.

ஆக, வரலாற்றுக் குவில்ட்கள் என்று மேற்கே கண்ணாடிக்குள் வைத்திருப்பவற்றில் பலவற்றின் துணி நம் பக்கத்துத் துணி. சாயம் போட்டவர் பெயர் எதிலும் இல்லை. அந்தச் சரித்திரத்தைக் கையில் எடுத்து இன்று வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பரோடாவில் வாழும் ஓவியர் லாவண்யா மணி, கலம்காரியையும் இயற்கைச் சாயத்தையும் தையலையும் வைத்தே அந்தக் கப்பல் வியாபாரக் காலத்தைத் திரும்பிப் பார்க்கிறார். பெங்களூரில் ரேணுகா ரெட்டி பழைய சீட்டி முறையையே மீட்டெடுத்துத் தீட்டிவருகிறார். இவர்களின் துணிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொங்கினால் ஊர் திரும்பியதாகத்தான் அர்த்தம். சோழமண்டல ஓவியர் கிராமம் அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் அந்த ஓவியர்கள் நிலம் வாங்கியது, பாட்டிக் துணி விற்ற காசில்தான். ஓவியம் சோறு போடாத காலத்தில் துணி போட்டது.

ஜிஎஸ்டி சாலைக்கே திரும்புகிறேன். பரங்கிமலையும் பல்லாவரமும் கண்டோன்மென்ட் ஊர்கள். மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையகம் பரங்கிமலையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாய்கள், இந்தியாவில் இருந்தவர்கள் உட்பட, சீருடைக் கம்பளித் துணியின் துண்டுகளை வைத்துக் குவில்ட் தைத்தார்கள். குடியிலிருந்து அவர்களைத் திருப்ப மேலதிகாரிகளும் மதுவிலக்கு இயக்கத்தினரும் தையலை ஊக்குவித்தார்கள். கிரிமியப் போரில் காயம்பட்ட ஒரு சிப்பாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சிவப்பும் கறுப்புமாக ஒட்டுத்துணி தைப்பதை தாமஸ் வுட் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். 2017இல் நியூயார்க்கில் அமெரிக்கன் ஃபோக் ஆர்ட் மியூசியம் இந்தப் போர்க்கால குவில்ட்களை மட்டும் வைத்தே கண்காட்சி நடத்தியது. பெண்களின் அடுப்படி வேலை என்று இதை ஒதுக்குகிற ஆண்களுக்கு அந்தச் சிப்பாயைக் காட்டலாம். பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. பழைய கடிகாரம், மிக்சியின் உதிரி, பழந்துணிக் குவியல் எல்லாம் கிடைக்கும். துணிக் குவியலைக் கிளறுகிறவர்களில் யாரையும் குவில்ட் கலைஞர் என்று இன்னும் யாரும் அழைக்கவில்லை.

குவில்ட் என்றதும் எனக்குத் தாம்பரத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிதான். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த ஆஸ்பத்திரி. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். தொண்ணூறுகளில் மற்ற ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தியபோது சேர்த்துக்கொண்டது தாம்பரம். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். நாட்டின் மிகப்பெரிய எச்ஐவி சிகிச்சை மையமாக அது வளர்ந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1987 அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டை விரித்தார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஒரு குழியின் அளவு. முதல் நாள் 1,920 துண்டுகள். இன்று ஏறத்தாழ 50,000. ஒவ்வொன்றிலும் இறந்தவரின் பெயர், அவருடைய சட்டைத் துணி, கரடி பொம்மை, ஜீன்ஸ் பாக்கெட். பாட்டிமார் காலத்துக் குவில்ட்டைக் கையில் எடுத்து, அதுவரை யாரும் செய்யாத ஒன்றை அதில் செய்தார்கள். பெயரை உரக்கச் சொன்னார்கள்.

தாம்பரத்தில் பெயரைச் சொல்ல முடிந்ததில்லை. என்ன நோய் என்று சொந்தத் தெருவுக்குத் தெரிந்தால் வீடு காலியாகிவிடும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயத்தில் மாநிலம் தாண்டி வந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு நினைவுக் குவில்ட் தைப்பதாக இருந்தால், பெயரை எழுதாமல் எப்படித் தைப்பது? அமெரிக்க மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டால் பொய்யாகிவிடும். ஆளுக்கு ஒரு முழம் சேலைத் துண்டு அல்லது லுங்கித் துண்டு மட்டும் போதுமா? பழைய குவில்ட்டைப் பார்த்துப் புதியது செய்ய நினைக்கும் ஒரு கலைஞருக்கு, இந்தப் பக்கத்தில் இதைவிடக் கனமான வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கண்காட்சி வைப்பது பெரிய செலவில்லை. குவில்ட்டுக்குச் சட்டம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். மேல் ஓரத்தின் பின்புறம் ஒரு துணிக் குழாய் தைத்து, அதில் ஒரு கழியைச் செருகித் தொங்கவிடலாம். பழந்துணி என்றால் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குள் அடக்கவேண்டும். ஜன்னலை மூடிவிட்டால் நம்மூர்க் கல்யாண மண்டபமே மியூசியமாகிவிடும். முட்டுக்காட்டின் கேலரிகளுக்குக் கார் வைத்திருப்பவர்கள்தான் சுலபமாகப் போகிறார்கள். 1937 முதல் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லூரியிலோ, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலோ வைத்தால் மெப்ஸ் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கலாம். கர்நாடகத்திலிருந்து நாலு கவந்தி, தஞ்சாவூரிலிருந்து ஒரு தொம்பை, மிசூரி பெட்வே குவில்ட்டின் பெரிய படம் ஒன்று. மீதிச் சுவரை டெய்லர் அக்காக்களின் சாக்குகளுக்கு விட்டுவிடலாம்.

மறக்கவேண்டாம் என்று சொன்ன வழக்கு இங்கேதான் தேவைப்படுகிறது. துணி கொடுத்தவர், வெட்டியவர், தைத்தவர், டிசைன் சொன்னவர் யார் யார் என்று சுவர்ப் பலகையில் எழுதவேண்டும். விற்றால் யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். தைக்கும் நாளுக்கு மெப்ஸ் தினக்கூலிக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும், டீ பிஸ்கட்டோடு முடித்துவிடக் கூடாது. ஆர்வமாகத் தைப்பார்கள், காசு எதற்கு என்று ஏற்பாட்டாளர்களில் யாராவது நிச்சயம் சொல்வார். அவரை வரவேற்புக் குழுவில் போட்டுவிடலாம். கணக்கு வழக்குப் பக்கம் விடக் கூடாது.